இருபத்துமூன்றாம் பிள்ளையின் மேல்வரிசை

கோயமுத்தூருக்கு மேற்கே, டவுன் பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தம் குட்டைமேடு. அங்கே ஓர் ஆராய்ச்சி மையம் உண்டு. வெள்ளாட்டின் பரம்பரைக் குணம் ஒரு கொட்டகையில், உமிச்சாம்பலையும் பிசினையும் கலந்து கூரைத் தகடு வார்ப்பது ஒரு ஷெட்டில், சின்னப் பிள்ளைகளின் பல் ஓர் அறையில். மூன்று ஆராய்ச்சிக்கும் ஒரே காம்பவுண்டு, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே டாக்டரம்மா. அவர் பெயர் வசுமதி. உதவிக்கு மூன்று பேர்: சென்னியப்பன், மாராயாள், நஞ்சுண்டன். மூவரும் ரொம்ப நல்லவர்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காது.

மூவரில் மூத்தவன் சென்னியப்பன். பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியன். வேலை போனால் மச்சினனுடைய எண்ணெய்ச் செக்கில் புண்ணாக்கு மூட்டை தூக்க வேண்டும். தூக்குவதுகூடப் பரவாயில்லை. மச்சினன் இப்போதே அவனைப் புண்ணாக்கு என்றுதான் கூப்பிடுகிறான். அங்கே போய் நின்றால், கூப்பிட்டது தன்னையா மூட்டையையா என்றே தெரியாது. அதை நினைத்தாலே சென்னியப்பனுக்குச் சோறு இறங்காது.

வேலைக்கு ஏன் ஆபத்து வந்தது என்கிறீர்களா? சொந்த மூளையால்தான். எந்த ஆட்டு வம்சம் நன்றாக எடை போடுகிறது என்று பார்ப்பதற்காக, இரண்டு வம்சத்து ஆடுகளை வளர்த்துவந்தார் டாக்டரம்மா. ஒரு வம்சம் கொழுத்தது, இன்னொன்று இளைத்தது. மூவருக்கும் மனசு கேட்கவில்லை. கொழுத்ததைப் பட்டினி போட்டு, இளைத்ததற்குக் கடலைக்கொடி ஊட்டி, ஆறே மாதத்தில் இரண்டையும் சமமாக்கிவிட்டார்கள். அப்புறம், தகட்டின் மேல் எடை ஏற்றி எப்போது உடைகிறது என்று பார்க்கச் சொன்னார். அரசாங்கச் சொத்தை உடைப்பது பாவம் என்று, மூவரும் தகட்டுக்கு அடியில் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள்.

டாக்டரம்மா அன்றைக்கு அழுதேவிட்டார். "இனிமேல் உங்க மூளையை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க. நான் சொன்னதை, சொன்னபடி, சொன்ன அளவுக்கு மட்டும் செய்ங்க. திங்கட்கிழமை சென்னையிலிருந்து பெரிய டாக்டர் வர்றார். அதுவரைக்கும் ஒழுங்கா இருந்தா மூணு பேரையும் நிரந்தரமாக்கச் சொல்றேன். இன்னொரு தப்பு நடந்துச்சு, மூணு பேரும் வீட்டுக்குத்தான்."

"சரிங்கம்மா" என்றார்கள் மூவரும். அன்றிலிருந்து மும்முரமாக யோசிக்காமல் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாதிப் பேர் வெள்ளை மூடிப் பேஸ்ட், பாதிப் பேர் சிவப்பு மூடிப் பேஸ்ட், ஆறு மாதம் தேய்த்தாகிவிட்டது. இனி எத்தனை பல் மிச்சம் என்று எண்ண வேண்டும். பெரிய டாக்டரை அழைத்துவர ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டாக்டரம்மா, பெட்டியும் கையுமாக நின்று சொன்னார்: "சென்னியப்பன், நீங்க எண்ணுங்க. மாராயாள் எழுதட்டும். ஒண்ணு முக்கியம். எண்ணுற ஆளுக்கு அது யாரோட வாய்னே தெரியக் கூடாது. தெரிஞ்சா மொத்த ஆராய்ச்சியும் குப்பைக்குத்தான்."

பஸ் போனதும் மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"நாப்பது பிள்ளைகளையும் எனக்குத் தெரியுமே" என்றான் சென்னியப்பன். "பொறந்தப்ப இருந்தே தெரியும். இப்ப எப்படித் தெரியாமப் போறது?"

"மறந்துருங்ணா" என்றான் நஞ்சுண்டன்.

சென்னியப்பன் கால் மணி நேரம் கண்ணை மூடி முயன்றான். மறப்பதற்காக ஒவ்வொருவரையாக நினைத்ததில், மறந்திருந்த இரண்டு பேரும் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள்.

"கண்ணைக் கட்டிக்கங்ணா" என்றாள் மாராயாள். "பல்லு எண்ண விரல் போதாதா?"

"குரல் கேட்டுத் தெரிஞ்சு போச்சுன்னா?" என்றான் சென்னியப்பன்.

"பிள்ளைகளைப் பேசக் கூடாதுன்னு சொல்லிப்போடலாம்."

"நஞ்சுண்டன் கூட்டியாறப்ப பேரைச் சொல்லிப்போட்டான்னா? இவன் வாய் சும்மா இருக்காதே."

"எனக்கும் கட்டிருங்க" என்றான் நஞ்சுண்டன் பெருந்தன்மையாக. "கையில அகப்பட்டதைக் கொண்டாந்து விடறேன்."

"அப்ப நான் சுவத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கறேன். பிள்ளையைப் பாத்து நான் சிரிச்சாலும் அண்ணனுக்கு வெளங்கிப்போயிருமல்ல" என்றாள் மாராயாள்.

இதில் சொந்த மூளை எதுவும் கலந்துவிடவில்லையே என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு கை பொரிகடலை கொடுத்து, வாயைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும், மற்றபடி மூச்சுவிடக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, இருபத்திரண்டு வாய் வரைக்கும் வேலை ஜோராக நடந்தது. சென்னியப்பன் சோப்புத் தண்ணீரில் கை கழுவுவான், தடவுவான், எண்ணிக்கை சொல்வான். மாராயாள் சுவரைப் பார்த்தபடி எழுதுவாள்.

இருபத்துமூன்றாவதாக நின்ற பையன் தண்ணீர் குடிக்கப் போனவன், அப்படியே பந்து விளையாடப் போய்விட்டான். அந்த இடத்தில் பொரிகடலை சிந்திக் கிடந்தது. அதைத் தின்னக் கொட்டகையிலிருந்து செம்பி வந்து நின்றது. செம்பி என்பது நல்ல செவலை நிறத்து வெள்ளாடு.

நஞ்சுண்டன் கையை நீட்டித் தடவினான். "வா கண்ணு" என்றான். தலையில் இரண்டு பக்கமும் கெட்டியாக என்னமோ அகப்பட்டது. "ரெட்டைச் சடை. எண்ணெய் வெச்சு என்னமா இறுக்கிப் பின்னியிருக்காங்க அவங்கம்மா!"

மிச்சமிருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டார்கள். ஆனால் ஒருவர்கூடப் பேசவில்லை. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா?

சென்னியப்பன் விரலை விட்டான். "கீழ முன்னால எட்டு" என்றான். அப்புறம் மேலே தடவினான். திரும்பவும் தடவினான். "மாராயா... மேல முன்வரிசையில ஒண்ணுகூட இல்ல. வழவழன்னு ஈறுதான் இருக்குது."

"ஐயோ, யாரு பெத்த பிள்ளையோ!" என்று சுவரைப் பார்த்து அழுதாள் மாராயாள்.

பிள்ளை சென்னியப்பனின் கையை நக்கியது. அவனுக்குக் கட்டிய துணிக்குள்ளேயே கண்ணீர் வந்துவிட்டது. "இத்தனை கஷ்டத்துலயும் எவ்வளவு பாசம் பாரு" என்று சொல்லி, தன் பங்குப் பொரிகடலையையும் கொடுத்து அனுப்பினான்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். மாராயாள் எண்ணிக்கையை வாசித்தாள். இருபத்துமூன்று வந்ததும் டாக்டரம்மா குறுக்கே பாய்ந்தார்.

"மேல் முன்வரிசையே இல்லையா? என் பேஸ்ட்டா இப்படிப் பண்ணிடுச்சு? பெரிய டாக்டர் அந்த வாயைப் பார்த்தா மையத்தையே இழுத்து மூடிடுவார். நீங்க ஒண்ணு பண்ணுங்க. அளவு எடுத்து, நம்ம உமிச்சாம்பல் பிசின்லயே ஒரு வரிசைப் பல் வார்த்து மாட்டி வைங்க. நான் வந்து பல் டாக்டர்கிட்ட காட்டிக்கறேன். திங்கட்கிழமை இருபத்துமூணுக்கு மேல்பல் இருக்கணும், அவ்வளவுதான்!"

"இருபத்துமூணு யாருன்னு பட்டியலைப் பாக்கலாமா?" என்று கேட்டான் நஞ்சுண்டன், போனை வைத்த பிறகு.

"பாத்தா தெரிஞ்சு போயிருமே!" என்று பதறினான் சென்னியப்பன். "ஆராய்ச்சி குப்பைக்குப் போயிரும், நான் செக்குக்குப் போயிருவேன்."

ஆகவே மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு, மூவரும் தாழ்வாரத்துக்கு வந்து கையை வீசினார்கள். பள்ளிக்கூடம் லீவு. அங்கே பிள்ளை ஒன்றும் இல்லை. நேற்றைய பொரிகடலை ருசியில் செம்பி மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

"ரெட்டைச் சடை! அகப்பட்டுது!" என்றான் நஞ்சுண்டன்.

"லீவு நாள்லகூட வந்துருக்குது பாரு, படிப்புல கெட்டியா இருக்கும்" என்றாள் மாராயாள்.

அளவெடுக்கச் சப்பாத்தி மாவை ஓர் உருண்டை வாயில் வைத்து அழுத்தினார்கள். பிள்ளை அதைத் தின்றுவிட்டது. இரண்டாவதையும் தின்றது. மூன்றாவதைச் சென்னியப்பன் சமயம் பார்த்துப் பிடுங்கினான். ஷெட்டுக்குள் போய்க் கண்கட்டை அவிழ்த்து, சாம்பலும் பிசினும் குழைத்து, அச்சில் ஊற்றிச் சூடேற்றினார்கள். முத்து முத்தாக எட்டுப் பல், ஒரே வரிசை. அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, கூரைத் தகடு ஒட்டுகிற பசையால் மாட்டிவிட்டார்கள். பிள்ளை திமிறித் தலையால் முட்டியதில் சென்னியப்பனுக்கு விலாவில் வலி. ஆனால் ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டான். ஒரு பிள்ளையைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று பெண்டாட்டியிடம் இரண்டு தடவை சொன்னான்.

திங்கட்கிழமை பெரிய டாக்டர் வந்து இறங்கினார். பெயர் சபாரத்தினம். ஆட்டுப் பரம்பரையில் நாற்பது வருஷம் ஊறியவர், சிரிப்பது அபூர்வம். டாக்டரம்மா முதலில் ஓடிப்போய் நாற்பது பிள்ளைகளின் வாயையும் பார்த்தார். இங்கொன்று அங்கொன்று பால்பல் விழுந்திருந்ததே தவிர, எல்லோருக்கும் மேல்வரிசை இருந்தது. ஒரு பல்லை இழுத்துப் பார்த்ததில் அந்தப் பிள்ளை அவர் விரலைக் கடித்தும்விட்டது.

"எது நிஜப் பல், எது நீங்க வெச்ச பல்லுன்னே தெரியலையே!" என்று சென்னியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மூணு பேரோட ஆர்டரையும் இன்னிக்கே கையெழுத்து வாங்கித் தர்றேன்."

சென்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மச்சினன் முகம் போகிற போக்கை மனசுக்குள் பார்த்துக்கொண்டே பெரிய டாக்டரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். டாக்டரம்மாவும் மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

கொட்டகையில் செம்பி வேலி முள்ளை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்து வாயைத் திறந்தது.

பெரிய டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். "வசுமதி, மேல் முன்வரிசை! உலகத்தில் எந்த ஆட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது. நாற்பது வருஷத்தில் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை!" அங்கேயே நின்று சென்னைக்கு ஒரு போன், டெல்லிக்கு ஒரு போன். இரண்டாவது போனிலேயே அந்த இனத்துக்குப் பெயரும் வைத்துவிட்டார். சபாரத்தினம் வெள்ளாடு.

பதினோரு வருஷம் ஆட்டோடு பழகிய சென்னியப்பனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். ஆட்டின் வாயைப் பார் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பல் வரிசையை அவனுக்குத் தெரியும். கையால் வார்த்தவன் அல்லவா? அவனுக்குப் பகீரென்றது.

'பிள்ளையோட பல்லைத் திருடி மாட்டிக்கிட்டு நிக்குதே, அடிப்பாவி ஆடே!'

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் எங்கோ ஒரு பிள்ளை பொக்கை வாயோடு அழுதுகொண்டிருக்கும். ஒரு நிமிஷம்தான் தவித்தான். அப்புறம் பெரிய டாக்டரின் காலில் விழுந்தான்.

"ஐயா, எனக்கு ஆர்டரெல்லாம் வேண்டாமுங்க. அந்தப் பல்லை அந்தப் பிள்ளைகிட்டயே குடுத்துருங்க. இருபத்துமூணோட பல்லுங்க அது. சனிக்கிழமை நாங்கதான் சாம்பல்ல வார்த்து மாட்டினோம். இந்த ஆடு திருடிருச்சுங்க!"

"எந்தப் பிள்ளைக்கு மாட்டினீங்க?" என்றார் டாக்டரம்மா.

"தெரியாதுங்களே. கண்ணைக் கட்டிட்டுத்தானுங்க மாட்டினோம், நீங்க சொன்னபடி."

"அப்புறம் எதை வெச்சு அடையாளம் கண்டீங்க?"

"ரெட்டைச் சடைங்க." சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு, காட்டுவதற்காக ஆட்டின் கொம்பைத் தடவினான். "இப்படித்தானுங்க, கெட்டியா, வளைஞ்சு..." சட்டென்று கண்ணைத் திறந்தான். "அம்மா! சடையையும் திருடிருச்சுங்கம்மா!"

டாக்டரம்மா புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரிய டாக்டருக்கும் விளங்கியது. போன் அடித்தது. டெல்லியிலிருந்து வாழ்த்துச் சொன்னார்கள். பெரிய டாக்டர் நன்றி சொல்லி வைத்துவிட்டு, ஆட்டின் பக்கம் திரும்பினார்.

"டெல்லிக்குச் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்" என்றார். "புது இனம் என்று அறிவித்தாயிற்று. தாய்க்கு இருப்பது குட்டிக்கும் இருக்க வேண்டும். குட்டியின் குட்டிக்கும் இருக்க வேண்டும். இது முடிகிற வேலை இல்லை. ஆகையால் நீங்கள் மூவரும் இன்று முதல் நிரந்தரம். வருகிற வைகாசியில் இந்த ஆடு ஈனும். பிறக்கிற குட்டிக்கு மேல்பல் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. புரிந்ததா?"

மாராயாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நஞ்சுண்டன் கை தட்டினான். சென்னியப்பன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நிரந்தர ஊழியனாகிவிட்டான், இனி வேலையில் ஒரு சின்னக் குறைகூட வந்துவிடக் கூடாதே.

"புரிஞ்சுதுங்கையா. ஒரே ஒரு சந்தேகம். குட்டிக்கு முதல்ல பால்பல்லுதானுங்களே மொளைக்கும்? அதனால ஏழு வயசுல விழுந்துர்ற மாதிரி லேசா ஒட்டட்டுங்களா, இல்ல இப்பவே பலமா ஒட்டிரட்டுங்களா?"