ஹவில்தார் இழுத்த வேர்

குடியாத்தம் ஏகாம்பரம் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பி ஒன்பது வருஷமாகிறது. அவர் வாய் மட்டும் இன்னும் இமயமலையை விட்டு இறங்கவில்லை. அந்த வாயால் மகள் மல்லிகேஸ்வரிக்கு வந்த இரண்டு வரன்கள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன. அதனால் மூன்றாவது இடத்தார் பெண் பார்க்க வரும் அன்று காலையில் மனைவி தனபாக்கியம் அவரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"மழை, வெயில், பஸ் வசதி. இதத் தவிர எதுக்கும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினாள்.

பட்டாளத்துப் படங்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினாள். டிவிக்கு மேலே மாட்டியிருந்ததை மறந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம் வந்து உட்கார்ந்ததும் பார்த்தது அதைத்தான்.

"அது என்ன சார், உங்க கால்கிட்ட? வெறும் பாறையில பச்சப் பாய் விரிச்சாப்ல?"

தனபாக்கியம் கணவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"செடி சார். சின்னச் செடி" என்றார் ஏகாம்பரம், ரொம்ப அடக்கமாக. அத்தோடு நிறுத்தினால் அவர் ஏகாம்பரமா? "பாறைய அப்படியே கட்டிப் புடிச்சிக்கும். ஒருநாள் அடிச்ச காத்துல எங்க ஜீப்பே பறந்துடுச்சு. நாங்க இருபது பேரும் இந்தச் செடியப் புடிச்சிக்கிட்டு, கொடியில போட்ட வேட்டியாட்டம் படபடன்னு அடிச்சிக்கினு இருந்தோம். ஒரு இலை உதிரலியே!"

"அப்போ ஜீப்பு?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா பட்டம்மாள்.

"மூணாம் நாள் தானா வந்துச்சும்மா. பெட்ரோல் மட்டும் காலி."

"பொண்ணு கொண்டாந்து வெச்ச காபி ஆறுது, எடுத்துக்குங்க" என்று தனபாக்கியம் குறுக்கே புகுந்தாள். சம்மதம் என்றால்தான் அவர்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை.

"வேகமா வேற படரும் சார். எங்க சமையக்காரரு மதியம் சாப்ட்டு அதுமேல சாஞ்சாரு. டீ நேரத்துக்கு ஆளக் காணோம். செடி மூடிக்கிச்சு, மீச நுனி மட்டும் தெரியுது. மேல பூராவும் வெள்ள வெள்ளயா பூ! கத்திரிக்கோல் போட்டு வெட்டி எடுத்தா, 'கதகதன்னு இருந்துச்சே, ஏண்டா எழுப்புனீங்க'ன்னு சண்டைக்கு வராரு."

"மீசையிலயும் பூத்துச்சா?" பட்டம்மாள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அத ஏன் கேக்குறீங்க, ரிட்டயர் ஆகுற வரைக்கும் பூத்துச்சு!"

தனபாக்கியம் அவர் காலை மிதித்தாள். அவருக்கு அது கைதட்டல் மாதிரி இருந்திருக்க வேண்டும், எழுந்தே நின்றுவிட்டார்.

"வீட்டுக்காரிக்கு ஒரு வேர் கொண்டுபோவோம்னு இழுத்தேன் சார். முழம் முழமா வருது, முடிவே இல்ல. மலையத் தொளச்சு அந்தப் பக்கம் போயிருக்கு! தம் புடிச்சு ஒரே இழு. மலை ரெண்டடி என் பக்கம் நகந்துடுச்சு. அந்தப் பக்கத்து முகாம்ல அடுப்போட டீ கவுந்துபோச்சாம்!"

தணிகாசலம் மெல்ல எழுந்தார். செருப்பைத் தேடத்தான் போகிறார் என்று தனபாக்கியத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அவரோ நேராக வந்து ஏகாம்பரத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அடப்பாவி மனுஷா, அது நீதானா? அந்தப் பக்கம் டீ கிளாஸோட உக்காந்திருந்தது நான்யா! வந்த கோவத்துல அந்த முனையப் புடிச்சுத் திருப்பி இழுத்தேன். மலை நாலடி என் பக்கம் வந்துடுச்சு. அப்புறம் போனாப் போவுதுன்னு ரெண்டடி தள்ளி உட்டேன். இல்லாட்டி இன்னைக்கு இந்தியா மேப்பே வேற!"

ஏகாம்பரம் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டம்மாள் டம்ளரை எடுத்து ஒரு வாய் காபி குடித்தாள். பிறகு தனபாக்கியத்தின் பக்கம் சாய்ந்தாள்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்கம்மா, உங்க வீட்டுக்காரராவது மலையக் கண்ணால பாத்திருக்காரு. இவரு எங்க ஊரு போஸ்டாபீஸ்ல சீல் குத்துனவரு. ஏலகிரி பஸ்ல ஏறுனாலே வாந்தி எடுப்பாரு."