பாதியில் நின்ற கல்யாணி

கும்பகோணத்தில் பாட்டுப் பிரியர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். சங்கீதம் பற்றித் தாங்கள் படித்த புத்தகங்களை ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்வார்கள். ரிட்டையரான புருஷோத்தமனுக்கு இருந்த சிநேகிதம் அத்தனையும் அந்தக் கூட்டம்தான். அறுபதைத் தாண்டிப் பாட்டுக் கற்றுக்கொள்ள வந்தவர். அவருடைய குரு சுகந்தி, அவர் மகளைவிட இளையவள்.

அன்று பாடத்துக்கு வந்தபோதே புருஷோத்தமனின் முகம் தொங்கிப்போயிருந்தது.

“நான் சொல்ற புத்தகத்தை மட்டும் ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க, டீச்சர். வர்ற ஞாயித்துக்கிழமையோட சரி. இனிமே போகப் போறதில்லை.”

“எனக்குச் சொல்லுங்க, கேக்கறேன்.”

நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய வயலின் வித்வான் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. எத்தனை அத்தியாயம், எத்தனையாவது பதிப்பு, பின்னிணைப்பில் என்னென்ன என்று ஒன்று விடாமல் சொன்னார்.

சுகந்தி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தம்புராவை எடுத்தாள்.

“கல்யாணி ராகம். அறுபத்தஞ்சாவது மேளகர்த்தா. ஏழு ஸ்வரமும் வரும். ஏறும்போது எந்த வரிசையோ, இறங்கும்போதும் அதே…”

“அதெல்லாம் எதுக்கு? பாடுங்க டீச்சர்!”

பாடினாள். மெல்ல மெல்ல மேலே ஏறியவள், உச்ச ஸ்வரத்தைத் தொடப்போகும் இடத்தில் சட்டென்று நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

“ஐயோ! அங்கே போய் நிறுத்திட்டீங்களே!”

சுகந்தி தம்புராவைக் கீழே வைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விஷயம் புரிந்து, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தன் முறை வந்ததும் எழுந்தார்.

“அரண்மனையில கச்சேரி. முன்வரிசையில ராஜா. உச்சத்துல வாசிச்சிட்டிருக்கும்போது தந்தி அறுந்துபோச்சு. வித்வான் என்ன செஞ்சார் தெரியுமா? அதைப் படிச்சிட்டு நான் போட்ட சத்தத்துல, என் வீட்டுக்காரி அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்தா.”

உட்கார்ந்துவிட்டார்.

“என்னய்யா செஞ்சார்?” என்று கத்தினார் பல் டாக்டர் இருதயராஜ். நாலு பக்கமிருந்தும் புத்தகத்துக்குக் கை நீண்டது.

சில வாரம் கழித்து, பாடத்துக்கு வந்தவர் மறுபடி புலம்பினார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

“டாக்டர் வாங்கிட்டுப் போனார். அவர்கிட்டேருந்து கம்பவுண்டர், அப்புறம் கம்பவுண்டரோட மாமியார். இப்ப யார் கையில இருக்குன்னே தெரியலை. என் புத்தகம் போயே போச்சு, டீச்சர்!”

“போகலை, சார். இப்பத்தான் புறப்பட்டிருக்கு.”