சந்தனக் கை சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில், நீலவேணி ஆறு பாய்ந்த நாட்டை விடங்கன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். இசையென்றால் அவன் உயிரை விடுவான். குறையென்று எவரேனும் வாய் திறந்தால் அவருடைய உயிரைக் கேட்பான். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று நாட்டை நடத்தும் பொறுப்பு அமைச்சர் பொறையனாருடைய தலையில் விழுந்திருந்தது.

அவ்வாண்டு ஆதிரைத் திருநாளன்று ஈசன் திருமுன் உமைநங்கை என்னும் பாடினி பாடினாள். அவள் குலத்தார் ஏழு தலைமுறையாக அச்சந்நிதியில் பாடும் உரிமை பெற்றவர்கள். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. இறுதிச் சரணம் தொடங்கும்போது சுவாமிக்குச் சார்த்திய சந்தனத்தைக் குருக்கள் அரசனுடைய வலக்கையில் வைப்பார். பட்டாடை கறைபடாதிருக்க மடியில் வெண்துகில் ஒன்று விரித்திருக்கும்.

அன்றும் சந்தனம் வைத்தார்கள். உமைநங்கை இறுதிச் சரணத்தை எடுத்தாள்:

“மூன்றாண்டு கரையுடைந்து மருதூர் ஏரி முகம் வெடிக்க,
நீமட்டும் நித்தம் நித்தம் நீராடல் நியாயமோ?”

அந்த ஈரடியையே எட்டு விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடி முடித்தாள்.

பாட்டு ஓய்ந்ததுமே அவைப்புலவர் கங்காதரக் கவிராயர் அரசன் காதருகே குனிந்தார். “அரசே, கேட்டது ஈசனை, குத்தியது தங்களை. ஏரிக்கரையை அடைக்க வேண்டியவர் ஈசனா? சர்க்கரைப் பொங்கலில் கல் கிடந்தாற்போல் எனக்குப் பல் கூசிவிட்டது.”

அரசன் முகம் கறுத்தது. “ஆம், எனக்கும் இன்பம் கெட்டுவிட்டது. இசையில் அரசியல் எதற்கு? இன்றோடு அவளுடைய உரிமை ஒழிந்தது.”

உமைநங்கை தாளத்தைக் கீழே வைத்தாள். பொறையனாரோ, பணியாள் மடிக்கப்போன வெண்துகிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“துணிவெளுக்கும் வேலையும் தங்களிடம் வந்துவிட்டதா, அமைச்சரே?” என்றார் கவிராயர்.

“அழுக்கு எங்கே என்று பார்க்க ஆசை, கவிராயரே,” என்றவர் அரசன் பக்கம் திரும்பினார். “அரசே, தண்டனை நாளைவரை பொறுக்கட்டும். அரசியல் கலவாத இசை எப்படியிருக்கும் என்று கவிராயர் நாளைக் காலை இதே சந்நிதியில், இதே வழக்கப்படி பாடிக் காட்டட்டும். தாங்கள் இன்பமுற்றால் அவள் உரிமையை அவருக்கே கொடுத்துவிடலாம்.”

கவிராயருக்கு அன்று உணவே வேண்டியிருக்கவில்லை. மகிழ்ச்சியிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் கனைத்துக்கொண்டு பாடினார். இராகத்தில் பிழையில்லை, தாளத்திலும் பிழையில்லை. இறுதிச் சரணத்தில் சந்தனம் வந்தது. “ஏரிகள் ததும்பிட, ஏர்கள் செழித்திட, எண்டிசை ஆள்கின்ற எங்கள் விடங்கனே” என்று அவரும் எட்டு முறை திருப்பிப் பாடி நிறுத்தினார்.

“எப்படி, அரசே?” என்றார் பொறையனார்.

“குற்றமில்லை,” என்றான் அரசன். கொட்டாவியை மறைக்கத் தெரியாதவன் அவன்.

“கவிராயரே, ஏரி உடைந்தது என்பது அரசியல். ஏரி ததும்புகிறது என்பது?”

“அது புகழ்மாலை.”

“ஒரே ஏரி. காய்ந்தால் அரசியல், நிறைந்தால் புகழ்மாலையா? நல்ல இலக்கணம்.” அவையில் எவரோ இருமுவதுபோல் சிரித்தார். பொறையனார் தொடர்ந்தார்: “அரசே, செய்தி இரண்டு பாட்டிலும் இருந்தது. எது இன்பத்தைக் கெடுத்தது என்பதைத் தங்கள் கையையே கேட்போம். சற்று விரித்துக் காட்டுங்கள்.”

அரசன் வலக்கையை விரித்தான். சந்தனம் வைத்தது வைத்தபடியே காய்ந்து வெடித்திருந்தது. மடித்துகிலில் ஒரு துளியும் இல்லை.

பொறையனார் முந்தைய நாள் துகிலைப் பிரித்தார். வெண்மை தெரியவில்லை. உள்ளங்கையும் ஐந்து விரலும் ஒன்றன்மேல் ஒன்றாக, சந்தனத் தடமாகவே இருந்தது.

“சந்தனம் கைக்கு வந்ததே இறுதிச் சரணத்தில்தான். அச்சரணத்தில் அவள் பாடியது ஏரியை மட்டுமே. தங்களுக்கு இன்பம் கெட்டிருந்தால் இத்தனை தாளம் போட்டது யார்? பாட்டு முடியும்வரை கெடாத இன்பம், காதருகே ஒருவர் குனிந்த பிறகல்லவா கெட்டது? பாட்டோடு கரைந்து வருகிற செய்தியைக் கை ஏற்றுக்கொள்கிறது, அரசே. பாட்டின்மேல் ஏறி உட்கார்ந்து வருவது, துதியே ஆனாலும், கையை உறங்க வைத்துவிடுகிறது. அடியார்கள் ஈசனிடமே வழக்காடிப் பாடினார்கள். அவன் எவருடைய வாயையும் கட்டியதாக நான் படித்ததில்லை.”

அரசன் துகிலை நெடுநேரம் பார்த்தான். தன் கையைத் துகில்மேல் வைத்துப் பொருத்தியும் பார்த்தான்.

“இது என் கைதான்,” என்றான். “உமைநங்கை, உன் உரிமை உன்னுடையதே. அமைச்சரே, என் கழுத்து முத்துமாலை இனி உம்முடையது. கவிராயரே, ஏரிகள் ததும்புவதாக என் பேரில் பாடிவிட்டீர். என்னைப் பொய்யனாக்கலாமா? மருதூருக்குப் போம். உம் அடி மெய்யாகும்வரை கரையில் நின்று மண்ணடைக்கும் வேலையைப் பாரும்.”

கவிராயர் போனார். கரை எழுந்தது, மழையும் பொய்க்கவில்லை.

அடுத்த ஆதிரை வந்தது. இறுதிச் சரணம் நெருங்கியதும் அரசன் தானே கையை நீட்டிச் சந்தனம் வாங்கினான். கை அந்தரத்தில் காத்து நின்றது. உமைநங்கை பாட்டை நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்தினாய்? அந்த அடி வரட்டும்.”

“ஏரி நிறைந்துவிட்டது, அரசே. இனி அது பொய்யாகும்.”

அரசனுக்கு வருத்தமாகவே இருந்தது. “வேறு அடி ஒன்றும் இல்லையா?”

“உண்டு. தாங்கள் விரும்பினால்.”

“பாடு.”

“வடக்குத் துறைப் பாலம் விழுந்து வழிநடப்பார் நீந்திவர,
நீமட்டும் தேரேறி நிலம்படாமல் போவதோ?”

அரசன் கை தாளம் தப்பாமல் மடியில் விழுந்தது. கடைசி வரிசையிலிருந்த கங்காதரக் கவிராயர், எவரும் சொல்லாமலே எழுந்து, வேட்டியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டிக்கொண்டார்.