பின் டயருக்கு ஜாதகம் பார்த்த கதை

கல்லுமேட்டில் செங்கோடன், நாச்சிமுத்து, ஓதிச்சாமி என்று மூன்று பங்காளிகள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைக். தார் ரோட்டிலும் ஓடும், காட்டுப் பாதையிலும் ஏறும் என்று சொல்லி விற்கிறார்களே, உயரமான சீட்டு வைத்தது, அந்த ரகம். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை எத்தனை என்று மட்டும் ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள் என்கிற பயம்தான்.

செங்கோடனுக்கு மலைமேல் மேலூத்தில் பெண் பேசியிருந்தது. பெண்ணின் பெயர் கோகிலவாணி. அவனுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "அவரு பேசுனா சிரிப்பு வருதுங்க" என்றாள். அவள் அப்பா ராயப்பனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை, பைக்கின் பின் டயரைப் பார்த்தார். அது உரித்த முட்டை மாதிரி வழுவழு என்று இருந்தது.

"ஏனுங் தம்பி, எம்புள்ள நாளைக்கு இந்த டயருக்கு மேலதான உக்காரோணும்? பாதி மலையில வழுக்கிச்சுன்னா என்ன ஆகறது? நல்ல டயராப் போட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேற எடத்துல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள வந்தாச் செரி. வல்லீன்னா அவிகளுக்கே குடுத்துருவேன்."

அன்று ராத்திரி செங்கோடன் துக்கத்தில் சோறு உண்ணவில்லை. நாச்சிமுத்து ரொம்ப வருத்தப்பட்டு, அவன் பங்கையும் சேர்த்து உண்டான்.

மறுநாள் மூவரும் டவுனுக்குப் போய் டயர்க்கடை ஆரோக்கியத்தின் முன்னால் நின்றார்கள். ஆரோக்கியம் நல்ல பொறுமைசாலி. அதாவது, அன்று வரைக்கும்.

"இந்த வண்டிக்குப் பின் டயரு மூணு வகையில வருதுப்பா. தார் ரோட்டுக்குன்னு ஒண்ணு. சேத்துக்குன்னு கட்டை கட்டையா ஒண்ணு. ரெண்டுக்கும் பாதிப்பாதியா ஒண்ணு. நீங்க போற ரோட்டைப் பத்தித் தெரியாம நான் எதை எடுத்துக் குடுக்கறது?"

"ரோட்டைப் பாக்கோணும்ங்கறாரு" என்றான் ஓதிச்சாமி.

"ஞாயந்தான?" என்றான் நாச்சிமுத்து. "ஜாக்கெட் தைக்கக் குடுக்கறப்ப அளவு ஜாக்கெட் கொண்டு போறதில்லியா?"

அடுத்த நாள் மூவரும் ரோட்டோடு வந்தார்கள். ஒரு சாக்கில் செம்மண், ஒரு சாக்கில் ஜல்லி, இன்னொரு சாக்கில் கடப்பாரை போட்டுப் பெயர்த்த தார்ப் பாளம். மூன்றையும் கடைக்கு நடுவில் கொட்டினார்கள்.

"என்னப்பா இது?"

"எங்கூரு ரோடுங்ணா. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துட்டு வந்துட்டோம். கொண்டை ஊசி வளைவு மட்டும் சாக்குக்குள்ள அடங்குல."

ஆரோக்கியம் கல்லாப்பெட்டி மேல் தெறித்த செம்மண்ணைத் துடைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அகலமான பட்டையும் ஆழமான பள்ளமுமாக, பார்க்கவே கடித்துவிடும் போல இருந்தது.

"பாதிப்பாதி டயரு. உங்களுக்கு இதுதான் ஆகும். டயரோட பக்கவாட்டுல பாரு, எந்த வருசம், எத்தனாவது வாரம் செஞ்சதுன்னு போட்டிருக்கும். தேதி பாக்காம டயரு எடுக்கவே கூடாது. அப்புறம் முன் டயருக்கும் பின் டயருக்கும் ஒத்துப் போகோணும். ரெண்டும் ஒத்து வல்லீன்னா வண்டி நிம்மதியா ஓடாது."

அவர் சொன்னது அவ்வளவுதான். மூவரும் டயரை வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்தார்கள்.

"தேதி பாக்கோணும்ங்கறாரு. ரெண்டும் ஒத்துப் போகோணும்ங்கறாரு" என்றான் நாச்சிமுத்து.

"ஒரே வண்டியில, வெய்யில் மழைன்னு பாக்காம, வருசக்கணக்காக் கூடவே கெடக்கப் போறவங்க" என்றான் செங்கோடன்.

"ஜாதகம் பாக்காம எப்படி?" என்றான் ஓதிச்சாமி.

இதில் மூவருக்கும் ஒரே கருத்து. சண்டை வந்தது வேறு இடத்தில். இரண்டில் மாப்பிள்ளை யார், பெண் யார்?

"முன்னாடி போறதுதான் மாப்ள" என்றான் செங்கோடன்.

"எங்கூட்டுல முன்னாடி போறது எம்பொண்டாட்டி. நான் பையைத் தூக்கிட்டுப் பின்னாடி போவேன்" என்றான் நாச்சிமுத்து.

"செரி, வண்டியில பாரத்தைச் சொமக்கறது யாரு?" என்று கேட்டான் ஓதிச்சாமி.

"பின் டயரு."

"வண்டியத் தள்ளிட்டுப் போறது?"

"அதுவும் பின் டயருதான். செயினே அங்கதான இருக்குது."

"அப்ப முன் டயரு என்னதான் பண்ணுது?"

"சும்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பாத்துட்டே போகுது."

மூன்று பேரும் முன் டயரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்கள்.

"முன் டயருதான் மாப்ள" என்று நாச்சிமுத்து தீர்ப்புச் சொன்னான்.

இரண்டு டயர்களில் இருந்த எண்களையும் எழுதிக்கொண்டு ஜோசியரிடம் போனார்கள். இது டயர் விஷயம் என்று அவர்கள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, அவர் கேட்கவில்லை.

"பொண்ணு பொறந்த நேரம் என்ன?"

"காலை ஷிப்டுங்களா, நைட் ஷிப்டுங்களான்னு தெரியலீங்க."

"ஆளு எப்படி?"

"கறுப்புங்க. ஆனா லட்சணமா, நல்ல உருண்டையா இருக்கும்."

"பையன்?"

"அவரும் கறுப்புத்தானுங்க. கொஞ்சம் ஒல்லி. அங்கங்க தேஞ்சிருக்காரு."

"பையனுக்குச் சீக்கு கீக்கு ஏதாச்சும்?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது. "போன மாசம் ஆணி ஒண்ணு ஏறிடுச்சுங்க" என்றான் செங்கோடன். "இப்ப ஒட்டுப் போட்டாச்சு. தண்ணியில முக்கிப் பாத்தோம், குமிழி வல்லீங்க."

ஜோசியர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவர் அவர். சில வீட்டு விஷயங்களை நோண்டக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

"பொருத்தம் எட்டு இருக்குது, தாராளமாப் பண்ணலாம். பொண்ணுக்குத்தான் லேசா ஒரு தோசம். முதல்ல ஒரு வாழை மரத்துக்குக் கட்டி வெச்சு, மரத்தை வெட்டிப் போட்டுட்டு, அப்புறம் பையனுக்குக் கட்டுங்க" என்று அவசரமாக எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் நாச்சிமுத்துவின் வீட்டுக் கொல்லையில் முகூர்த்தம். டயருக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வாழை மரத்துக்கு மாலை போடுகிற மாதிரி டயரைத் தலைவழியாக மாட்டினார்கள். டயர் கனத்துக்கு மரம் அப்படியே மடிந்து படுத்துவிட்டது. அதில் நாளைக்கு வெட்டலாம் என்று நாச்சிமுத்துவின் மனைவி நினைத்திருந்த வாழைத்தாரும் போயிற்று. அவள் விளக்குமாற்றோடு வந்தாள்.

"எதுக்குப் புள்ள கோவிச்சுக்கற? மரத்தை வெட்டற வேலை மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே நாச்சிமுத்து ஓடினான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடைக்குப் போனார்கள். ஆரோக்கியம் டயரை மாட்டக் கம்பியைக் கையில் எடுத்தார். "இருங்ணா, ராகு காலம் முடியட்டும்" என்று ஓதிச்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ராகு காலம் தொடங்கவே இன்னும் நேரம் கிடந்தது. அது வருகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் முடிகிற வரைக்கும் காத்திருந்தார்கள். டயர் ஏறியபோது உச்சி வெய்யில்.

"நேரமாச்சு பங்காளி, பொண்ணு போச்சு!" என்று செங்கோடன் கண் கலங்க வண்டியை முறுக்கினான். மூவரும் ஒரே பைக்கில் மலை ஏறினார்கள். முந்தின நாள் மழையில் பாதை களியாகிக் கிடந்தது. புது டயர் கவ்விக் கவ்விப் பிடித்து ஏறியது. பாதி மலையில் ஒரு வெள்ளைக் கார் சேற்றில் புதைந்து நின்றது. உள்ளே சென்ட் வாசத்தோடு ஒரு பையனும் அவன் அப்பாவும், மடியில் பழத்தட்டும்.

செங்கோடன் வண்டியை நிறுத்தினான். "எங்கீங்க போறீங்க?"

"மேலூத்துல ராயப்பன் வீட்டுக்குங்க. பொண்ணு பாக்கப் போறோம்."

"அட, நாங்களும் அங்கதானுங்க போறோம்! பொண்ணு தங்கமான புள்ளைங்க, கண்ணை மூடிட்டுக் கட்டிக்கலாம். ஆனா நேரத்துக்குப் போகாட்டி அவரு கோவிச்சுக்குவாரு. இருங்க, நாங்க இழுத்து உடறோம்."

நாச்சிமுத்து கயிறு கட்டினான். ஓதிச்சாமியும் அவனும் பின்னால் நின்று தள்ளினார்கள். பைக் உறுமியது, பின் டயர் மண்ணைக் கடித்தது, கார் மெள்ள மெள்ள மேலே வந்தது. கயிற்றை அவிழ்த்தால் மறுபடியும் மாட்டிக்கொள்வார்களே என்று அவிழ்க்கவும் இல்லை. இப்படியாக, தனக்குப் பேசிய பெண்ணைப் பார்க்க வந்த இன்னொருத்தனைச் செங்கோடனே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் ராயப்பன் வாசலில் நிறுத்தினான்.

ராயப்பன் இரண்டு மாப்பிள்ளைகளையும் பார்க்கவில்லை. நேராகப் பின் டயரிடம் போய்க் குந்தி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "காரையே இழுத்துட்டு வந்திருக்குதே! என்ன டயருங் தம்பி?"

"பாதிப்பாதிங்க மாமா. எட்டுப் பொருத்தம் இருக்குது. தோசமும் கழிச்சாச்சு."

கதவு ஓரத்தில் நின்ற கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "அப்பா, நான் இவரையே கட்டிக்கறேன். இவரு ஊட்டுல டிவி கூட வேண்டியதில்ல."

கார்க்காரர்கள் காப்பி குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள். ஆனியிலேயே கல்யாணம். செங்கோடன் கோகிலவாணிக்குத் தாலி கட்டின கையோடு, மண்டப வாசலில் நின்ற பைக்குக்கும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். முன் டயர் மாப்பிள்ளை, பின் டயர் பெண். நாச்சிமுத்து அட்சதை போட்டான்.

ஆடி பிறந்தது. முதல் ஆடிக்குப் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டுமே. கோகிலவாணி துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பைக் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது.

"டயரு எங்கீங்க?"

"அதுவும் புதுப்பொண்ணுதான புள்ள?" என்றான் செங்கோடன். "ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பிச்சாச்சு."

"அப்ப நான் எப்படிப் போறது?"

"நல்ல டயரு இல்லாம உன்னைய உக்கார வெக்கக் கூடாதுன்னு உங்கப்பாதான சொன்னாரு? அது வந்தொடனே போலாம்."

கோகிலவாணி பையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

அதே நேரம் டவுனில், ஆரோக்கியம் கடை திறக்க ஷட்டரைத் தூக்கினார். எதிரே நாச்சிமுத்தும் ஓதிச்சாமியும் புது வேட்டியில் நின்றார்கள். நடுவில் பூ வைத்து, பொட்டு வைத்து, பின் டயர்.

"ஆடி முடியட்டும்ங்ணா, வந்து கூட்டிட்டுப் போயிக்கறோம்" என்றான் நாச்சிமுத்து. "வேளா வேளைக்குக் காத்து குடுங்க. எளைச்சுப் போயிருக்குது."

ஆரோக்கியம் டயரைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். "செரி, உள்ள கொண்டாங்க" என்று வழிவிட்டார்.

இருவரும் நகரவில்லை.

"இன்னும் என்னப்பா?"

ஓதிச்சாமி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மாப்ளையும் வந்திருக்காருங்ணா. தெருமுக்குலயே செவுத்துல சாஞ்சு நிக்கறாரு. மாமனாரு நீங்க வந்து கையைப் புடிச்சுக் கூப்புடாம உள்ள வரமாட்டாராமா."