நண்டு நடத்திய துறைமுகம்

அந்தக் காலத்தில், மீனும் நரியும் ஒரே பாஷை பேசிய நாளில், நண்டு நேராகத்தான் நடந்தது.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு துறைமுகம் இருந்தது. அதன் வாய் குறுகல். ஒரு நேரத்தில் ஒரு தோணிதான் நுழையலாம். ஒரு வருஷம் கரைவாசிகளின் தலைவனான நரி அதை நடத்தும். மறு வருஷம் கடல்வாசிகளின் தலைவனான ஆமை நடத்தும். நடத்தும் என்பது பேச்சுக்குத்தான். நரியின் வருஷத்தில் ஆமையின் உப்புத் தோணிகள் வெளியே கிடந்து கரையும். ஆமையின் வருஷத்தில் நரியின் நெல் தோணியிலேயே முளைத்துவிடும். கரையில் உப்பில்லாச் சோறு, கடலில் சோறே இல்லை. கடைசியில் இரண்டும் களைத்துப்போய், யாருக்கும் கட்டுப்படாத ஒருவரிடம் துறையை விட்டுவிடுவது என்று பேசி முடித்தன.

அப்படி ஒருவரை எங்கே தேடுவது? நண்டு அகப்பட்டது. தண்ணீரிலும் இருக்கும், மணலிலும் இருக்கும். ரெண்டுங்கெட்டான் என்று எல்லோரும் கேலி செய்த ஆள்தான். பெயர் செங்காலன்.

"வந்த வரிசையிலதான் விடுவேன். நீங்க ரெண்டு பேரும் குறுக்க வரக்கூடாது" என்றான். நரியும் ஆமையும் தலையாட்டின.

அது கொஞ்ச நாள் தாங்கியது. அவன் நாலடி மேடேறினால், "நரி வீட்டு விருந்துக்குப் போறான்" என்றது ஆமை. தண்ணீர்ப் பக்கம் திரும்பினால், "ஆமை கூப்பிட்டிருக்கும்" என்றது நரி. செங்காலனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் ஈரமணலில் கொடுக்கை ஊன்றிச் சத்தியம் செய்தான்.

"இனி கடலைப் பார்த்தும் ஓரடி வைக்க மாட்டேன், கரையைப் பார்த்தும் ஓரடி வைக்க மாட்டேன். அலை தொடுற விளிம்போடயே நடப்பேன். என் வம்சமும் அப்படித்தான் நடக்கும். போதுமா?"

போதும் என்றன. வம்சத்தை இழுத்திருக்க வேண்டாம். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது.

ஐப்பசியில் புயல் வந்தது. அம்மா வீட்டுக்குப் போயிருந்த அவன் மனைவி வெள்ளச்சி, வயிறு நிறைய முட்டைகளோடு தோணியில் திரும்பி வந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு உப்புத் தோணியும் ஒரு நெல் தோணியும் நின்றன.

"என்னங்க, தோணி தாங்காது போலிருக்கு. என்னை முதல்ல விட்டுருங்க" என்று கத்தினாள்.

நரி இமைக்காமல் பார்த்தது. ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. இவளை இன்றைக்கு முந்தவிட்டால் துறை நாளைக்கே பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடும். அது செங்காலனுக்குத் தெரியும்.

"முறை வரட்டும் வெள்ளச்சி" என்றான்.

உப்பு நுழைந்தது. நெல் நுழைந்தது. அவள் முறை வந்தபோது அலை தோணியைக் கவிழ்த்துவிட்டது. செங்காலன் அவளிடம் ஓடப் பார்த்தான். சத்தியம் செய்த கால்கள் முன்னே போகவில்லை. முகத்தை அவள் பக்கமே வைத்துக்கொண்டு விளிம்போடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினான். ஓரடிகூட அவளை நெருங்க முடியவில்லை.

வெள்ளச்சி தானே நீந்திக் கரை சேர்ந்தாள். முட்டைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது.

"இனி இவனை நம்பலாம்" என்றது நரி. ஆமையும் ஆமாம் என்றது. வெள்ளச்சி அவனை விட்டு விலகிப் போய், தனக்கென்று ஒரு வளை தோண்டிக்கொண்டாள்.

நண்டு பக்கவாட்டில் நடப்பது அன்று முதல்தான். ஒரு வளையில் ஒரே ஒரு நண்டு இருப்பதும் அன்று முதல்தான்.