சில்லென்ற காற்று

கோயம்புத்தூர் காந்திபுரத்தில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை. குரு சபீனாவுக்கு இருபத்தொன்பது வயது. சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. தொழில் என்று வந்தபின் வயதாவது மண்ணாவது.

மில் வேலை போனதை நாச்சிமுத்து வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாதமாக டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வந்துகொண்டிருந்தார். போன மாதம் மனைவி குணவதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அதுவும் பக்கத்து வீட்டுக்காரி வாயால். திட்டுவாள் என்று பயந்து கிடந்தார். ஒரு வார்த்தை இல்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அன்று காலை குருவிடம் கேட்டேவிட்டார்.

“என்னைய மன்னிச்சுட்டாளுங்களா அம்மிணி?”

சபீனா மேசையிலிருந்த லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள். உள்ளே விசிறி அலறிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் வந்த காற்றில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

“சில்லுனு வருதுங்க. சூடே இல்ல. சத்தம் மட்டுந்தான்.”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சிப்பின் சூடு தொண்ணூற்றேழு டிகிரி.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தானாக அணைந்துவிடுமே.

சபீனா அணைத்துக் கழற்றினாள். சிப்பின் சூட்டைச் செம்புத் தகட்டுக்குக் கடத்தவேண்டிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாகத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினாள். மறுபடி ஓடவிட்டாள். விசிறி அடங்கியது. திரையில் அறுபத்தைந்து. அதே இடத்தில் கை வைத்த நாச்சிமுத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“சுடுதுங்க அம்மிணி. கெட்டுப்போச்சுங்களா?”

“இல்லீங்ணா. இப்பத்தான் உள்ள இருந்தது வெளிய வருது.”

நாச்சிமுத்து வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

“குணவதி, எம்மேல உனக்குக் கோவமே இல்லையா?”

மறுமுனையில் குணவதி ஆரம்பித்தாள். மூன்று மாதம் டிபன் கட்டிக் கொடுத்த முட்டாளா நான் என்றாள். ஊரே சிரித்தது என்றாள். அழுதாள். மறுபடி திட்டினாள். கடை முழுக்கக் கேட்டது. நாச்சிமுத்து ஆடிப்போய் போனைக் காதிலிருந்து விலக்கினார். விரல் சிவப்புப் பொத்தானைத் தேடியது.

சபீனா நிமிராமல் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வெச்சிராதீங்ணா. வரட்டும்.”