ஊதாப்பூவுக்குக் கொசுவலை

ஆவுடையப்பன் இரண்டு நாற்றுகளைக் கொண்டுவந்து குருவின் முன்னால் வைத்தார்.

குரு தயாபரி அவரைவிட வயதில் மிகவும் இளையவர். கோத்தகிரிச் சரிவில், தகரக் கூரை போட்ட சிறிய வீட்டில் இருந்தார். எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ரோஸ். ரெண்டுமே குட்டை ரகம். எதை நடலாம்னு சொல்லுங்கம்மா."

"என்ன செடி?"

"தேனீச்செடி. நர்சரியில மொனார்டாங்கிறாங்க. இந்த ரகத்துல தேனீ அவ்வளவா உக்காராதாம்."

"தேனீ உக்காராத தேனீச்செடி!" குரு சிரித்துவிட்டார். "உங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கே?"

"அது கோமு வச்சது. ஊதா. நெஞ்சுயரம் வளருது. விடிஞ்சா ஒரே தேனீ. அதைப் பிடுங்கிடலாம்னு இருக்கேன்."

கோமு அவர் மனைவி. போன மழைக்காலத்தில் இறந்துபோனார். கோமுவின் பாத்தியிலிருந்து வெள்ளிதோறும் அம்மன் காலடிக்கு ஒரு கூடைப் பூ போக வேண்டும் என்பது ஆவுடையப்பனின் ஒரே ஆசை. பூசாரி கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"தேனீ உக்காந்த பூ எச்சிலாம்" என்றார் ஆவுடையப்பன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அம்மனுக்குத் தேன் அபிஷேகம் பண்றீங்களேன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"கேள்வியோட வர்றவர் பூவோட வரவேண்டாம்னுட்டார்."

பூசாரி சொன்னது சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்தும் பூசாரிக்கு ஏற்ற செடியைத் தேடி மலையெல்லாம் அலைந்திருக்கிறார். மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறோம் என்பது விளங்கவில்லை.

குரு எழுந்தார். "வாங்க, பாத்தியைப் பார்க்கலாம்."

ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நான்கு குச்சிகளை நட்டு, பாத்தியின் மேல் ஒரு கொசுவலை கட்டியிருந்தது. கட்டிலுக்குக் கட்டுகிற வலை. வெளியே தேனீக்கள் வலையில் மோதி மோதி ஊர்ந்துகொண்டிருந்தன.

தேயிலைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். "ஏன் ஐயா, பூவுக்கு மலேரியாவா?"

"உன் வேலையைப் பாரும்மா" என்றார் ஆவுடையப்பன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

குரு வலைக்குள் கைவிட்டு ஓர் இலையைப் பறித்தார். இலைமுழுக்கச் சாம்பல் பூத்திருந்தது.

"இது எப்போலேருந்து?"

"வலை கட்டினதுக்கப்புறம். காத்து படலை போல."

"கோமு இந்தப் பூவை எப்போ பறிப்பாங்க? காலையிலயா, சாயங்காலமா?"

ஆவுடையப்பன் நாற்றுகளை மதில்மேல் வைத்தார். மண்வெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு அதையும் சுவரில் சாய்த்தார்.

"பறிக்க மாட்டா."

"அம்மனுக்குக் கூடவா?"

"நானும் கேட்டிருக்கேன். ஒரு பூ குடேன், சாமி படத்துக்கு வைக்கிறேன்னு. செடியிலயே இருக்கட்டும்னுவா. சாமிக்கு வேண்டாமான்னு கேட்டா, வேணும்னா அம்மனே வந்து பார்த்துட்டுப் போகட்டுமேன்னுவா."

குரு ஒரு குச்சியின் முடிச்சை அவிழ்த்தார். இரண்டாவதையும் அவிழ்த்தார். மூன்றாவது முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். ஆவுடையப்பன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவதை அவரே போய் அவிழ்த்தார்.

வலை சரிந்ததும் தேனீக்கள் இறங்கின. ஊதா முழுவதும் ரீங்காரமாயிற்று.

ஆவுடையப்பன் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை வெறுங்கையோட போய் அம்மன்கிட்ட என்ன சொல்லட்டும்மா?"

குரு வலையை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"வீட்டு விலாசத்தைச் சொல்லிட்டு வாங்க."